நெல் கொட்டாத நாள்

புதுவயலுக்கு இது மூன்றாம் முறை.
காரைக்குடியில் ஏறிய டவுன் பஸ்
அரிசி மில் வாசலில் இறக்கிவிட்டது.
அவித்த நெல்லின் வாடை
சேலையை விட்டுப் போக இரண்டு நாளாகும்,
போன முறையே தெரிந்துகொண்டேன்.

எங்கள் கல்லூரிக்கு வயது ஒன்று.
ஹாக்கி அணிக்கு நான்கு மாதம்.
எட்டுப் பேர் இருக்கிறார்கள்,
அதில் மூன்று பேர் பி.காம். படிக்க வந்து
என்னிடம் அகப்பட்டவர்கள்.
மைதானம் செம்மண்; மழை விட்ட மறுநாள்
சரளைக்கல் பல்லைக் காட்டும்.
கோப்பை வைக்கக் கண்ணாடி அலமாரி
தாளாளர் முன்கூட்டியே வாங்கிவிட்டார்.
இப்போதைக்கு அதில்
முதலுதவிப் பெட்டியும் என் டிபன் பாக்ஸும்.

பொய் சொல்வதில்லை என்று
பஸ்ஸிலேயே முடிவுசெய்திருந்தேன்.

சாருமதி களத்தில் இருந்தாள்.
ஞாயிற்றுக்கிழமை, நெல் கொட்டாத நாள்.
சிமெண்டுத் தரையில் பந்து
யாரோ நூல்கட்டி இழுப்பதுபோல்
அவள் மட்டையோடு போனது.
டர்ஃபைக் கண்ணால் பார்க்காத பிள்ளை
டர்ஃபுக்கென்றே வளர்ந்திருக்கிறாள்
நெல் காய்ந்து காய்ந்து வழவழத்த தரையில்.
மாவட்டப் போட்டியில் பதினேழு கோல்.
அந்தப் பதினேழுதான்
கோயம்புத்தூரிலிருந்து ஒரு காரையும்
சென்னையிலிருந்து இரண்டு போன்களையும்
வெள்ளைக்கண்ணு வீட்டுக்கு வரவழைத்தது.

வெள்ளைக்கண்ணு மில்லில் மூட்டை தூக்குகிறவர்.
துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.
"கோயம்புத்தூர்க்காரவுக
புது மட்டையே குடுத்துட்டுப் போயிட்டாக டீச்சர்.
ஆஸ்டல், சாப்பாடு, பீஸு எல்லாம் அவுகளாம்.
நீங்க எத்தன கப்பு வாங்கிருக்கீக?"

ஒன்றுமில்லை என்றேன்.
"அங்கே முதல் இரண்டு வருஷம்
பெஞ்சில் உட்கார்ந்து
தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொள்வாள்.
இங்கே முதல் நாளே ஆடுவாள்."
சொல்லி முடித்ததும் எனக்கே தெரிந்தது,
ஆளில்லாத குறையைத்தான்
சலுகை என்று விற்கிறேன்.

சாருமதி மட்டையைச் சுவரில் சாய்த்தாள்.
"பெஞ்சுல உக்காந்தாலும்
நல்லா ஆடுறவங்களப் பாக்கலாம்ல மேடம்."
இதற்குப் பதில்
நான் படித்த எந்தப் பயிற்சி வகுப்பிலும் இல்லை.

டீ வந்தது. குடித்தேன்.
நாலரை பஸ்ஸுக்கு எழுந்தபோது அவளே கூப்பிட்டாள்.
"மேடம், ஜெனிபாவ ஏன் யாருமே கேக்கல?"

களத்தின் கடைசியில்
இரண்டு சாக்குமூட்டைகளுக்கு நடுவே
கிழிந்த நார்மெத்தையைக் கால்களில் கயிற்றால் கட்டிக்கொண்டு
ஒருத்தி நின்றிருந்தாள், இவ்வளவு நேரமும்.
மூன்று முறை வந்தும்
பந்து போவதையே பார்த்திருக்கிறேன்.
எங்கே நிற்கிறது என்று பார்க்கவில்லை.

"மாவட்டத்துல பதினேழு.
இவகிட்ட நாலு வருஷத்துல மூணு.
அதுல ஒண்ணு அவளுக்குக் காய்ச்சல்."

ஜெனிபா வந்தாள், முழங்காலெல்லாம் உமி.
கோப்பை, ஹாஸ்டல், பீஸ், எதையும் கேட்கவில்லை.
பேடு இருக்கா என்றாள்.
ஒரு ஜோடி இருக்கிறது, இடது வார் அறுந்தது.
"தச்சுக்கலாம்."
பிறகு சாருமதியை ஒரு பார்வை பார்த்துவிட்டு,
"கோயம்புத்தூரு கூட எப்ப மேட்ச்?"

ஜனவரியில் என்றேன்.
பஸ்ஸில் எடுத்த முடிவு
அவ்வளவு தூரம்தான் வந்தது.