தடைக்காலப் பசலை

கடலுக்கு அறுபத்தொரு நாள் பூட்டு.
முதல் வாரம் வலை பொத்தினேன்.
இரண்டாம் வாரம்
பொத்திய இடத்தையே பொத்தினேன்.
மூன்றாம் வாரம் பிலோமி
நண்டுக் கம்பெனியிலிருந்து வந்ததும்
ஈரச்சாக்கில் சுற்றிய மூன்று தண்டை
என் மடியில் போட்டாள்:
"கொடிப்பசலை. சும்மாதானே இருக்கீங்க."

மண்டபத்து மண்ணைப் பற்றி
எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
நங்கூரம் பிடிக்கும்.
வேர் பிடிக்குமா, கேட்டதில்லை.

மூலை உடைந்த தெர்மாகோல் பெட்டி,
போன வருஷம் வரை இறால் கிடந்தது.
உப்புப் போக ஏழு தரம் கழுவி
கம்பியைச் சுட்டு அடியில் ஓட்டை போட்டேன்.
செம்மண் தங்கச்சிமடத்தில்,
மல்லிகை நாற்றுக்காரரிடம் ஒரு சாக்கு.
"என்ன பூவுக்கு?" என்றார்.
"கீரைக்கு" என்றதும்
பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

அடிபம்புத் தண்ணீர் கரிக்கும்.
லாரித் தண்ணீர் குடம் பன்னிரண்டு ரூபாய்.
ஆகவே காலையில் அரிசி கழுவியது,
மாலையில் ரெக்ஸியின் டியூஷன் பாட்டிலில்
மிஞ்சியது.
ஒரு நாள் சந்தியா அண்ணன் வெயிலோடு வந்து
தண்ணி கேட்டார்.
அரைச் செம்பு கொடுத்தேன்.
குடித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார்,
அதன் ஈர மண்ணைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

பத்தாம் நாள் ஒரு தண்டு அழுகிற்று.
இரண்டாவதை ஆடு தின்றது.
மூன்றாவது, கணுவில்
பச்சை அரிசி ஒன்று ஒட்டியதுபோல்
முளை வைத்தபோது
யாரிடம் சொல்வதென்று தெரியாமல்
ஐஸ் கம்பெனி வரை நடந்துபோய்
சொல்லாமலே திரும்பினேன்.

அப்புறம் அது வந்த வேகம்!
கிழிந்த வலையை
ஆணியடித்துச் சுவரில் தொங்கவிட்டேன்.
நாற்பது வருஷமாக எங்கள் வீட்டு வலைக்குள்
வந்ததெல்லாம்
வெளியேறத் துடித்தவை.
இது மட்டும் ஒவ்வொரு கண்ணாகத் தேடி நுழைந்து
தானாக மேலே ஏறியது.
அரைப் பாகம். கையை விரித்து அளந்தேன்.

வைகாசியில் கச்சான் எழுந்தது.
இலையோரம் தீய்ந்தது.
பிலோமியின் பழைய நைட்டியைக்
காற்றுக்குக் குறுக்கே கட்டினேன்,
தெரு சிரித்தது, சிரிக்கட்டும்.
இருட்டும் நேரம் ஈரத்துணியால்
இலை இலையாக உப்பைத் துடைத்தேன்.
என் முகத்தை
அவ்வளவு பொறுமையாக
ஒருநாளும் துடைத்ததில்லை.

முதல் பறிப்பு பதினாறு இலை.
பருப்பும் கூனிப்பொடியும் போட்டுக் கடைந்தாள்.
"வழவழங்குது" என்று
ரெக்ஸி தட்டைத் தள்ளினாள்.
அவள் பங்கையும் நானே தின்றேன்.

ஜூன் பதினான்கு, ராத்திரி.
டீசல் ஏற்றியாயிற்று, ஐஸ் ஏற்றியாயிற்று.
படகுக்குப் போகுமுன் போன் போட்டேன்:
"வேருக்கு மட்டும் ஊத்து, இலைல படாம.
பூ வந்தா கிள்ளிரு.
கதவு சாத்து, ஆடு வரும்."
"சரி" என்றாள்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் காற்று மட்டும்.
"வேற ஒண்ணும் இல்லையா?"
எல்லையைப் பற்றி
இருட்டில் விளக்கில்லாமல் வரும் படகுகளைப் பற்றி
நாங்கள் பேசுவதில்லை.
"வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

மறுநாள் வெயில் ஏறித் திரும்பினேன்.
பாடு சுமார்தான்.
கூடையை வாசலில் போட்டுவிட்டு
நேரே பெட்டியிடம் போனேன்.
உச்சியில் புதிதாக இரண்டு இலை,
இன்னும் சுருள் பிரியாமல்.
கை நீட்டினேன்.
"உப்புக் கையோட தொடாதீங்க."

பின்னால் பிலோமி செம்போடு நின்றாள்.
லாரித் தண்ணீர்.
முழுச் செம்பு.