மரிக்கொழுந்துப் பாசி

சின்னப்பாலத்தில் விடியுமுன்
விரல்களுக்குத் துணி சுற்றுகிறேன்,
காலில் தகரத் தட்டு கட்டுகிறேன்.

என் வீட்டுக்காரரை
எல்லை தாண்டினாரென்று படகோடு பிடித்துப்போய்
நாற்பத்தோரு நாள்.

மல்லிகாக்கா சொன்னாள்,
தேவிபட்டினம் போய் ஒன்பது கல்லையும் சுற்றி வா.
மைமூன் தர்காவில் ஓதிய கயிறு தந்தாள்.
அவள் மகனும் அதே படகில்.
வாங்கி அரிசிப் பானைமேல் வைத்தேன்.
கட்டவில்லை. எறியவும் மனம் வரவில்லை.

செபக்கூடாரத்து ஐயா வந்து
கழுத்துச் செபமாலையைக் கழற்றினால்தான்
கர்த்தர் கதவு திறப்பார் என்றார்.
கடுங்காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அண்ணன் மகன் சவரிராஜ், கல்லூரிக்குப் போகிறவன்,
மெதுவாகத்தான் சொன்னான்:
"கேக்க அங்க ஆளே இல்ல அத்தை."
ராத்திரி முழுக்கக் கடித்தது அதுதான்.

மூச்சை அடக்கி இறங்குகிறேன்.
அடியில் நீரோட்டம்
வாடைக்கு ஒரு பக்கம், கொண்டலுக்கு ஒரு பக்கம்.
பாசிக்கு வேர் கிடையாது, தெரியுமா?
கல்லைப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.
பிய்த்தால்
கல்லில் கொஞ்சம் பெயர்த்துக்கொண்டு வரும்.

இராயப்பரும் கடல்காரர்தானே.
நடந்தார், காற்றைப் பார்த்தார், பயந்தார்.
மூழ்கும்போது அவர் சொன்ன செபம்
மூன்றே சொல்.
எனக்கும் அதற்குமேல் மூச்சில்லை.

மேலே வந்து சாக்கில் கொட்டினேன்.
பக்கத்தில் மைமூன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"எம் பிள்ளைக்கும் சேத்தா?" என்றாள்.
"சேத்துத்தான்."

கரையில் போன் அடிக்கவில்லை.
விரல் துணியை இறுக்கிக்கொண்டு
மறுபடி இறங்கினோம்.