பேருதான் ஆயில்

உசிலம்பட்டி தாண்டுவதற்குள் வாடை வந்துவிட்டது.
பின்னால் ஏற்றியிருந்த கம்பத்துத் திராட்சையை முந்திக்கொண்டு
கருகிய லைனிங்
கேபினுக்குள் வந்து உட்கார்ந்தது.
மூன்றாம் கியரிலேயே கெஞ்சியது நானூற்றியேழு,
யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல.

செக்கானூரணியில் ஜபருல்லா பட்டறை.
என்ன ஏதென்று கேட்கவில்லை அவர்.
குடித்து மிச்சமிருந்த தண்ணீரைப்
பின் டிரம்மில் உதறினார்.
சுர்ரென்றது.
சுற்றிப் போய் மறுபக்கமும் உதறினார்.
அங்கும் சுர்.
"ஒரு பக்கம்னா சக்கரத்துல பாக்கலாம்.
ரெண்டு பக்கமும்னா குத்தம் மேல இருக்கு."

ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் தள்ளினார்.
அசையவில்லை.
நிப்பிளை அரைச்சுற்று திருகினார்.
கறுப்பாய் ஒரு பீச்சல்.
அடுத்த நொடி சக்கரம்
ஒன்றுமே நடக்காததுபோல் சுற்றியது.
மிதித்தால் போகிறது அழுத்தம்,
காலை எடுத்தால் திரும்பி வரவில்லை.
ஆக்சிலுக்கு மேல் தொங்கிய ஓஸைக் கழற்றி
ஊதிப் பார்த்தார்.
"இது யோக்கியமாத்தான் இருக்கு."

பிறகு மாஸ்டர் சிலிண்டர் மூடி.
உள்ளே இருந்த ரப்பர்
ஊறிப்போய், நெளிந்து,
மழையில் நனைந்த அப்பளமாய் வெளியே பிதுங்கியது.
அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்,
பார்க்காததுபோல் சுங்கச் சீட்டை மடித்தேன்.

டீக்கடைக் கிளாஸில் தண்ணீர் வாங்கிவரச் சொல்லி
அதில் நாலு சொட்டு விட்டார்.
நல்லதாயிருந்தால் தண்ணீரோடு தண்ணீராய்க் கலந்துவிடுமாம்.
இது மிதந்தது.
கண்ணாடி ஓரத்தில் வானவில் காட்டியது.

"யாரு ஊத்துனது?"

ஆண்டிபட்டிக் கணவாய், இரவு இரண்டு மணி,
பெடல் சேற்றுக்குள் போவதுபோல் போனது.
சீட்டுக்கடியில் இருந்தது என்ஜின் ஆயில் டப்பா.
பிரேக் ஆயில், என்ஜின் ஆயில்,
இரண்டும் ஆயில்தானே என்று
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
ஊற்றிய கை
இப்போது என் பாக்கெட்டுக்குள் இருந்தது.

"கிளீனர்ப் பய," என்றேன்.

ஒச்சப்பன் அங்கேதான் நின்றான்,
சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்தபடி.
கல்லைச் சரியாக இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான்.
அவ்வளவுதான்.

"பேருதான்ப்பா ஆயிலு," என்றார் ஜபருல்லா அவனைப் பார்த்து,
"இதுக்கும் எண்ணெய்க்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல."
கிட் மாற்றினார், ஓஸ் மாற்றினார்,
எண்ணெய் பட்ட ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினார்.
குழாய்களைக் கழுவி ஊதினார்.
என் மூலையில் கிடந்த பாதி டப்பாவையும் தூக்கி எறிந்தார்:
திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தையெல்லாம்
அது குடித்துவிடுமாம்,
குடித்தது இறக்கத்தில் கொதிக்குமாம்.
சீல் உடையாத புது டப்பா. மூவாயிரத்துச் சொச்சம்.

காற்று எடுக்க வேண்டும்.
தூரத்துச் சக்கரம் முதலில்.
ஒச்சப்பன் மேலே, என் சீட்டில்.
நான் கீழே, மல்லாந்து,
நிப்பிளில் டியூபும் நெஞ்சில் பாட்டிலுமாக.

"மிதி."
"மிதிச்சாச்சு."
"பிடி."
"பிடிச்சிருக்கேன்."

குமிழ் குமிழாய் வந்தது.
மூடினேன். மறுபடி மிதி, மறுபடி பிடி.
ஏழாவது தடவையோ எட்டாவதோ,
நிப்பிளைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னேன்:
"டேய், ஊத்துனது நான்தான்னு
அவருகிட்ட சொல்லிர்றேன்."

மேலே சத்தமில்லை.
பெடல் தரையைத் தொட்டிருக்க வேண்டும்.
பாட்டிலில் ஒரு பெரிய குமிழ் வந்து உடைந்தது.

"கால எடுக்கப் போறேன்ணே,
முதல்ல நீங்க மூடுங்க."

மூடினேன்.

விளாங்குடி சிக்னலில் மிதித்தபோது
பெடல் கல்லாய் நின்றது, விட்டதும் விட்டது.
மண்டியில் பெட்டிகளை இறக்கிவிட்டு
பானெட்டைத் திறந்தால்
மூடியைச் சுற்றி வெள்ளை பிளாஸ்திரி,
மார்க்கர் பேனாவில் ஒச்சப்பன் கையெழுத்து:
இது ஆயில் இல்ல.