தலைக்கு இவ்வளவு

நிபோங் திபாலில் மழை பிடித்துக்கொண்டால்
எங்கள் பள்ளி அலுவலகத்தில்
நகல் இயந்திரத்துக்குத்தான் முதல் குடை.

நான் இங்கே கிராணி.
பதினோரு வருடமாக ஒரே சூத்திரத்துக்கு
எண் ஊட்டி வளர்க்கிறேன்:
மாணவர் தொகை, பெருக்கல்,
தலைக்கு இத்தனை ரிங்கிட்.
பாடத்துக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று,
நூலகத்துக்குக் கொஞ்சம்.
எல்லாம் தலையில்தான் தொடங்கும்.
தலைவலிக்கு மட்டும் ஒதுக்கீடு இல்லை.

சூத்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை.
அது முகம் பார்க்காது, சிபாரிசு கேட்காது,
தீபாவளிக்கு முறுக்கு அனுப்பினாலும் மசியாது.
பட்டணத்தில் ஆயிரம் தலை உள்ள பள்ளிக்கும்
எங்களுக்கும் ஒரே தராசு.
ஆனால் காற்றாடி
ஐந்து பிள்ளைக்கும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது.
கரையான் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்
தின்ன உட்காருவதில்லை.
மழையும்
தலையை எண்ணிப் பெய்வதில்லை.

கூரைக்கு வேறு பாரம்.
அதில் ஏழாவது கேள்வி: நிலம் யாருடையது?
தோட்டத்துடையது என்று
எனக்கு முன்னிருந்தவர் மையால் எழுதினார்.
தோட்டத்தை ஒரு வீடமைப்பு நிறுவனம் வாங்கியது,
நிறுவனத்தை இன்னொரு நிறுவனம்.
நான் பென்சிலால் எழுதுகிறேன்.
பிறத்தியார் மண்ணில் நிற்கும் கட்டடத்துக்கு
உதவி பாதி வழி வந்து
மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது.
மீதி ஓட்டுக்கு வாரியத் தலைவர் அஞ்சப்பன்
டயர் கடையிலும் மீன் சந்தையிலும்
விருந்து டிக்கெட் விற்கிறார்.
வாங்கியவர்கள் விருந்துக்கு வருவதில்லை,
அதுவே லாபம்.

இந்த வருடம் இருபத்தொன்பது.
யுகேந்திரனின் அப்பாவுக்குக் கூலிமில்
சில்லுத் தொழிற்சாலை வேலை,
பிப்ரவரியில் ஒரு தலை குறைந்தது.
ஒரு தலை குறைந்தால்
ஒரு பெட்டி சுண்ணக்கட்டி, இரண்டு பூப்பந்து மட்டை.

ரேணுஷா முப்பதாவது.
மூன்றாம் வகுப்பு, ஜன்னலோரம்.
பிறப்புப் பத்திரம் இல்லை.
அம்மா எங்கே பிரசவித்தாள், எந்தப் பெயரில்,
கேட்டால் அத்தைக்காரி
கையிலிருக்கும் குடையைப் பார்க்கிறாள்.
கணினியில் எண் கேட்கும் கட்டம்
வெறுமையாக விட்டால் சிவக்கிறது,
கோடு போட்டால் சிவக்கிறது.
பதினான்கு பூச்சியம் போட்டுப் பார்த்த ஒரு மாலை
திரையே அணைந்துவிட்டது.
பேன் இருக்கிறது அந்தத் தலையில்,
பன்னிரண்டாம் வாய்ப்பாடுவரை இருக்கிறது.
கணக்கில் மட்டும் அது
தலை இல்லை.

செவ்வாய்க்கிழமை இலாகாவிலிருந்து
துவான் ரஸ்லான் வந்தார்.
நல்ல மனிதர், காலுறையில் ஓட்டை.
நூலகத்தில் பாய் விரித்திருந்ததால்
பிள்ளைகள் எல்லாரும் உள்ளே,
காலணிகள் எல்லாம் வெளியே.
ஓடி ஆடும் தலைகளை எண்ணுவதைவிட
அது சுலபம் என்று
பேனாவால் காற்றில் புள்ளி வைத்துக்கொண்டே போனார்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
நின்றார்.

"ஒரு ஜோடி கூடுதல்."

கறுப்பு, இரண்டாம் நம்பர்,
வலது காலில் நாடாவுக்குப் பதில்
சிவப்பு ராஃபியா கயிறு.

"என்னுடையது" என்றேன்.

அவர் என் கால்களைப் பார்த்தார்.
ஒன்பதாம் நம்பர் செருப்புக்குள்
அவை எங்கேயும் ஓட முடியாமல் நின்றன.
உள்ளே முப்பது குரல்
பன்னிரண்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது,
ஒன்று மட்டும் மற்றவற்றைவிட
அரை எட்டு முன்னால்.

துவான் ரஸ்லான் பேனாவை மூடவில்லை,
எழுதவும் இல்லை.
"மழை வரும் போலிருக்கிறது,
காலணிகளை உள்ளே எடுத்து வையுங்கள்" என்றார்.

எடுத்து வைத்தேன்.
எத்தனை என்று
அவரும் கேட்கவில்லை.