பராமரிப்புத் திட்டம், பக்கம் மூன்று

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
கல்வி. தொழில். தனித்து வாழ்தல்.
ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி,
கடைசிக் கட்டத்தின் நான்காவது வரிமேலேயே
அச்சகத்தின் பெயர்.

பதினெட்டு முடிந்து நாற்பதாம் நாள்
எதிரே உட்கார்ந்து
நாற்காலியின் ஆடும் திருகாணியை
நகத்தால் முறுக்கிக்கொண்டிருந்தாய், ஸ்டெபின்.
கோணம் ஐடிஐ, ஃபிட்டர், என்று எழுதினேன்.
கடியப்பட்டணம் கரையில் ஒரே ராத்திரியில்
வள்ளத்து எஞ்சினைத் துண்டு துண்டாய்க் கழற்றிய கை அல்லவா.
என் யோசனையில் எனக்கே பெருமை.
குழுமத்திலும் தலையசைத்தார்கள்.

நீ மட்டும் கேட்டாய்:
"அந்தக் கேசை என்னத்துக்கு மிஸ்
எனக்க ஜோலியா ஆக்குதீங்க?"

எழுதியதை நான் அடிக்கவில்லை.
அடித்தால் பக்கத்தில் கையொப்பம் வேண்டும்,
காரணம் வேண்டும்,
மணி ஐந்தாகியிருந்தது.

பிறகு அறை தேடினோம்.
வடசேரியில் முன்பணம்வரை பேசிவிட்டு
ஆதாரைத் திருப்பிப் பார்த்தார் ஒருவர்.
முகவரியில் இல்லத்தின் பெயர்.
பொம்பளப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றார்.
அடுத்த வீட்டில் மருமகன் வருகிறாராம்.
மூன்றாவதில் நாய்தான் வந்தது.
ஒழுகினசேரியில், பழையாறு சாக்கடையோடு கலந்து மணக்கும் இடத்தில்,
டெய்சி பாய் ஒன்றே ஒன்று கேட்டார்:
"ராத்திரி மோட்டர் போடுவியா?"
போடமாட்டேன் என்றாய்.
சாவி கிடைத்தது.

உள்ளே போய்ப் பூட்டினாய்.
திறந்தாய்.
மறுபடி பூட்டினாய்.
படியில் நின்றிருந்த நான்
ஏழாவது தடவையோடு எண்ணுவதை விட்டேன்.
உன் பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற கதவு,
இரண்டு வருடத்தில் முதல் கதவு.

பத்தொன்பது நாளாய் வகுப்புக்கு வரவில்லை
என்று ஐடிஐயிலிருந்து போன்.
ஆரல்வாய்மொழிக் காற்று புழுதியை அள்ளியெறிந்த நண்பகலில்
உன் கதவைத் தட்டினேன், தட்டினேன்.
கண் திறக்காமல் திறந்தாய்.
முழங்கைக்குக் கீழே கோடு கோடாய்ச் சூட்டுத் தழும்பு.
என் வாயில் வந்த முதல் கேள்வி
'ஆர் கூட சுத்துற?'

இன்றும் அதை நினைத்தால் காது சுடுகிறது.

அடுப்புத் தட்டு பட்டதாக்கும் என்றாய்.
வெட்டூர்ணிமடத்துப் பேக்கரி,
அதிகாலை இரண்டரைக்குத் தொடங்கும் வேலை.
"அங்க ராத்திரி முழுக்க லைட்டு எரியும் மிஸ்.
இல்லத்தில லைட்ட அணைச்சதே கிடையாது,
இருட்டில எனக்கு இப்ப உறக்கம் வராது.
வராத உறக்கத்துக்கு ஒருத்தர் சம்பளம் தந்தா
வேண்டாம்ணா சொல்லுவேன்?"

சுவரில் பென்சிலால் எழுதியிருந்தாய்:
மாவு 50 கிலோ, ஈஸ்ட் நூற்றுக்கு இரண்டு, உப்பு ஒன்றரை.
பத்தாம் வகுப்புக் கணக்கில்
சதவீதப் பாடத்திலேயே நீ இரண்டு முறை விழுந்தவன்.
கீழே விடையும் இருந்தது.
உப்பு மட்டும் தப்பு.
நான் சொல்லவில்லை.
ரொட்டி சொல்லும்.

எனக்கும் மார்ச்சோடு ஒப்பந்தம் முடிகிறது.
இந்தக் கோப்பை அடுத்து யார் திறப்பாரோ,
எந்த ஊர்க்காரரோ.
ஃபிட்டர் என்பதை இன்று அடித்தேன்.
கையொப்பம் போட்டேன்.
காரணம்: தவறு என்னுடையது.
கல்வி என்ற கட்டத்தில்
ஜூன், கணக்கு, தனித்தேர்வர்,
எழுதுவானா தெரியாது என்று எழுதினேன்;
'தெரியாது' என்று படிவத்தில் நான் எழுதியது
இதுவே முதல்முறை.

மூன்றாவது கட்டம் வெகுநேரம் காலியாய்க் கிடந்தது.
வாடகை மாதம் ஐந்தாம் தேதி, கட்டுகிறான்.
சோறு குழைகிறது, சாப்பிடுகிறான்.
நான்காவது வரியில், அச்சகத்தின் பெயர்மேலேயே,
வரப்போகிறவருக்கு:

பகலில் போனால் கதவைத் தட்டாதீர்கள்.
உறங்குகிறான்.