பக்கத்துப் பாத்திக்கு ஒரு சுட்டி

ஆ கொருன்யாவில் வீடுகளுக்கு முகம் கண்ணாடி.
துறைமுகம் பார்த்த மாடங்களில்
வெள்ளைச் சட்டத்துக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டம்.
மழை ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தட்டிப் பார்க்கிறது.

என் வேலையிலும் சாளரங்கள்தாம்.
பிரவுசரில் நீங்கள் திறக்கும் பக்கம் ஒவ்வொன்றுக்கும்
ஒரு முழு உலகம் உண்டு.
அந்த உலகத்துக்குப் பெயரே சாளரம்.
அதற்கென்று ஒரு கணிதம், ஒரு தேதி,
பட்டியல் என்றால் என்னவென்று ஒரு சொந்த விளக்கம்.
இந்தப் பக்கத்தில் பிறந்த பட்டியலை
அந்தப் பக்கத்திடம் நீட்டி
‘உன் வம்சமா?’ என்று கேளுங்கள்.
இல்லை என்னும்.
பொய்யில்லை. அதன் மூதாதை வேறு.

வங்கிக் கணக்கும் சூதாட்ட விளம்பரமும்
ஒரே திரையில் தோளோடு தோள் நிற்கும்.
நடுவே வரப்பு கட்டுவது எங்கள் தொழில்.
நினைவகம் என்னும் ஒரே நிலத்தில்
ஆளுக்கொரு பாத்தி.
பாத்தி விட்டுப் பாத்தி கை நீளக் கூடாது.
தொட்டே தீரவேண்டுமென்றால் உறை போட்டுத் தொடு.
உறை கேட்கும்:
எந்த முகவரியிலிருந்து வருகிறாய்,
எதைப் படிக்க வந்தாய்.
பதில் பிசகினால் வெறுங்கையோடு திருப்பி அனுப்பும்.

பத்தொன்பது மாதம் முன்பு
பிரெய்ஷோ ஒரு வரி எழுதினான்.
வெள்ளிக்கிழமை. மகளுக்குக் காதுவலி.
உறை இல்லாத ஒரு சுட்டி
பக்கத்துப் பாத்திப் பொருளை நேருக்கு நேர் பார்த்தது.
சரிபார்த்தவள் நான்.
அடியில் ‘நன்று’ என்றிருப்பது என் எழுத்து.

குப்பை அள்ளும் நிரல் ஒரு நாள் வந்தது,
அந்த ஒரு பாத்தியை மட்டும் பெருக்க.
வெளியாட்கள் யாராவது இங்கே
எதையாவது பிடித்திருக்கிறார்களா என்று
உறைகளின் பதிவேட்டைப் புரட்டியது.
பதிவேட்டில் இல்லாத கை அதன் கண்ணில் படாது.
பொருளை அள்ளிக்கொண்டு
இடத்தை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டது.
சுட்டியோ நகரவில்லை.
குடிவந்த அந்நியரைப்
பழைய பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தது.

லீமாவிலிருந்து விழுந்தது. ட்ராம்சோவில் விழுந்தது.
ஏதோ ஒரு மருத்துவமனையின் முன்பதிவு மேசையில்
நாளுக்கு இருமுறை.
அறிக்கைகளில் முகம் இருக்காது,
பதினாறின் அடிமானத்தில் எண்கள் மட்டும்.
மூன்று இரவு அவற்றோடு படுத்தேன்.

பிரெய்ஷோ இப்போது நிரல் எழுதுவதில்லை.
அரோசா கழிமுகத்தில், அண்ணனின் மிதவையில்
சிப்பிக் கயிறு இழுக்கிறான்.
போன் முழுக்கக் காற்று.
“அந்த வரியா? நீ பார்த்தாயே, உஷீயா” என்றான்.
பழி இல்லை அதில்; வெறும் ஞாபகம்.
காது சரியாகிவிட்டதா என்று கேட்டேன்.
எந்தக் காது என்றான்.

திருத்தம் நான்கே வரி.
மூடிய சாளரத்தை நோக்கிய உறைகளை
இப்போதெல்லாம் மொத்தமாக அறுத்துவிடுகிறோம்.
பிறகும் யாராவது தொட்டால்
‘இது இறந்த பொருள்’ என்று வரும்.
எங்கள் பிழைச்செய்திகளில் எனக்குப் பிடித்தது அது.
சுற்றி வளைக்காது.

சோதனைகள் பச்சையாக ஓடி முடிந்தபோது மணி ஒன்பதரை.
எதிர்மாடக் கண்ணாடிக்குப் பின்னால்
யாரோ மத்தி பொரிக்கிறார்கள்.
ஆறு வருடமாக எதிர்வீடு; பெயர் தெரியாது.
இரண்டு சன்னலும் சாத்தித்தான் இருக்கின்றன.
வாசனை மட்டும் எப்படியோ வந்துவிட்டது.

எந்த இடுக்கு என்று தெரியவில்லை.
குறித்துவைத்தேன்.
திங்கட்கிழமை பார்க்கலாம்.