பொருள் எண் பதினொன்று

கோப்பு மெலிதுதான்.
மேல்பில்லிகேரி, புல எண் 214/3,
அறுபத்தெட்டு சென்ட் தேயிலை.
ஹாலன் மகன் ஜோகன்
ஏழு மனைகளாகப் பிரிக்க அனுமதி கேட்கிறார்.
இணைப்பு: பட்டா, வில்லங்கச் சான்று,
வரைபடம் நான்கு நகல்,
கையெழுத்தை மட்டும் மறந்துவிட்ட ஒரு மனு.

தல ஆய்வுக்குப் போன மத்தியானம்
மூடுபனி அளவு டேப்பின் மறுமுனையை விழுங்கியிருந்தது.
அந்த முனையைப் பிடித்திருந்த தலையாரி
குரல் மட்டும் கொடுத்தார்:
முப்பது... முப்பதரை...
கண்ணால் பார்க்காததைக் குறித்துக்கொண்டேன்.
இந்த வேலையில் அது முதல் முறை அல்ல.

சரிவு இருபத்தாறு டிகிரி காட்டியது.
வரைபடத்தில் இருபத்தொன்று.
வரைந்தவர் கோயம்புத்தூர்க்காரர்.
அவர் மேசைக்கு வந்தால் எந்த மலையும்
கொஞ்சம் சாய்ந்து படுத்துக்கொள்ளும்.

ஐந்தாம் மனைக்கும் ஆறாம் மனைக்கும் நடுவே
புலப்படத்தில் ஒரு புள்ளிக்கோடு: நீர்வழி.
தரையில் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை.
சில்வர் ஓக் சருகு, ஒரு யூரியா சாக்கு,
காட்டெருமை நின்றுபோன குளம்புக் குழிகள் நான்கு.
நான்கிலும் தண்ணீர்.
மழை பெய்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

ஜோகன் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவர்.
பிறகு, நான் கேட்காமலே,
பச்சைத் தேயிலை கிலோ பதினாலு ரூபாய் என்றார்.
பறிகூலி போக, உரம் போக,
கையில் நிற்பது கறைதான் என்று விரலைக் காட்டினார்.
மூத்தவள் ஈரோட்டில் நர்சிங் இரண்டாம் வருடம்.
தேநீர் கொடுத்தார், நன்றாக இருந்தது.
கடையில் வாங்கிய பாக்கெட் தூள்.

ஆட்சேபம் ஒன்றும் வந்திருக்கிறது,
மேல்பக்கத்து வீட்டிலிருந்து, தட்டச்சில் இரண்டு பக்கம்.
மண் சரியும், கரடி வழி தவறும்,
பள்ளத்தாக்கின் காட்சி மறையும் என்கிறார் திருமதி தேஷ்முக்.
மூன்றும் உண்மை.
அவர் வீடும் இதே புல எண்ணை உடைத்ததுதான்,
பதினெட்டு வருடம் முன்பு ஜோகனின் அப்பா விற்றது.
புள்ளிக்கோடு தொடங்குகிற இடத்தில்
இப்போது அவருடைய கார் நிற்கிறது.

ஊட்டியில் குழு பதினோரு மணிக்குக் கூடியது.
பதினோராம் பொருள் வரும்போது ஒன்றே முக்கால்.
தாழ்வாரத்தில் சாப்பாட்டுக் கேரியர்கள் வந்திறங்கின.
வனத்துறை: ஆட்சேபணை இல்லை, ஆனால்.
புவியியல் துறை: ஆனால்.
வேளாண் பொறியியல் அன்றைக்கு விடுப்பு.
தலைவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.
அங்கே தண்ணி ஓடுதா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஓடலை ஐயா.
நிக்குது.

அவர் கேட்டதைவிட அதிகம் சொல்லிவிட்டேன் போலும்,
அறை ஒரு நொடி கேரியர் சத்தத்தை மட்டும் கேட்டது.
பிறகு எழுதிக்கொண்டோம்:
ஐந்து, ஆறு எண் மனைகளை நீக்கி
நீர்வழியின் இருபுறமும் இடம் விட்டு
திருத்திய வரைபடம் கோரித் திருப்பலாம்.
இரண்டு மனை.
நர்சிங்கில் மீதி இருப்பதும் இரண்டு வருடம்.
இந்தக் கணக்கை எழுத படிவத்தில் கட்டம் இல்லை.

கடைசி பஸ்ஸில் கோத்தகிரி திரும்பினேன்.
கொண்டை ஊசி வளைவுகளில்
ஜன்னல் எல்லாம் வீட்டு விளக்கு,
அனுமதி எண் உள்ளது எது, இல்லாதது எது என்று
இருட்டில் தெரிவதில்லை.

நான் குடியிருப்பது இரண்டே கால் சென்ட்.
வெள்ளைத்தாளில் வாங்கியது,
எந்தக் கோப்பிலும் அது இல்லை.
நவம்பர் வந்தால் அடுப்படிச் சுவரில்
ஈரம் ஒரு கோடாக மேலேறும்.
மெர்லின் அதன்மேல் காலண்டர் மாட்டிவைத்திருக்கிறாள்.
வருடா வருடம்
கொஞ்சம் பெரிய காலண்டராகப் பார்த்து
வாங்கிவருகிறேன்.